டேப்பிங்: 8-லிருந்து 5-க்கு இறங்குகிறது, அதற்குக் கீழே போவதே இல்லை

புங்கமரம்:
இஎஃப்டி டேப்பிங் (மனத்தைத் தொந்தரவு செய்வதைச் சொல்லியபடி முகம், உடம்பில் சில இடங்களை விரலால் தட்டும் முறை) முறையாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலை தரும் மன அழுத்தத்துக்காக இதைத் தனியாகச் செய்கிறேன். தொடங்கும்போது அழுத்தம் 10-க்கு 8 என்றால் 5 வரை இறங்கும், பிறகு அசையாது. வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் உச்சந்தலையில் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் அங்கே கொண்டுபோய் முடிக்கிறார், வேறொருவர் விரல்களையும் புறங்கையையும் சேர்த்துக்கொள்கிறார். வரிசை தப்பினால் பலன் குறையுமா? "என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வது வாய்க்குப் பொய்யாகவே இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

கார்த்திகைமீன்:
வரிசைக் குழப்பம் இதன் வரலாற்றில் இருந்து வருவது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கல்லஹன் 1980களில் உருவாக்கிய 'தாட் ஃபீல்ட் தெரபி'யில் பயத்துக்கு ஒரு வரிசை, கோபத்துக்கு வேறொரு வரிசை என்று இருந்தது. அவரிடம் கற்ற கேரி கிரெய்க் 1990களில் அதைச் சுருக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே சுற்று போதும் என்றார். அதுதான் இஎஃப்டி. விரல் புள்ளிகளும், புறங்கையைத் தட்டியபடி கண்ணை உருட்டி, பாட்டு முனகி, எண்ணிக்கை சொல்லும் பகுதியும் கிரெய்க்கின் ஆரம்ப வடிவத்தில் இருந்தவை. பிறகு பெரும்பாலும் கழன்றுபோயின. மேலிருந்து கீழே வருவது ஞாபகத்துக்கு வசதி, அவ்வளவே. எங்கே தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இடங்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், வீடியோவில் இது தெளிவாகத் தெரிவதில்லை. தொடக்க வாக்கியத்துக்கு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் சதைப்பற்றான ஓரம். பிறகு உச்சந்தலை, புருவம் மூக்குப் பக்கம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு (நெற்றிப்பொட்டுப் பக்கம் தள்ளிப் போகாதீர்கள்), கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள பள்ளம், கழுத்துக் குழியிலிருந்து ஓர் அங்குலம் கீழே இறங்கி அங்கிருந்து ஓர் அங்குலம் பக்கவாட்டில் உள்ள இடம், கடைசியாக அக்குளுக்கு நான்கு அங்குலம் கீழே விலாப்பக்கம். கழுத்துக்குக் கீழுள்ள இடம் கைக்குச் சிக்காவிட்டால் கையை மூடி அந்தப் பகுதி முழுவதையும் மெல்லத் தட்டினால் போதும்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் சேர்த்து ஓர் இடத்துக்கு 5 முதல் 7 தட்டு. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நிதானமாக ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். இடமோ வலமோ எந்தப் பக்கமும் ஆகும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குக் கீழே நகம் படாமல் விரலின் சதையால் தட்டுங்கள். சிவக்கும் அளவுக்குத் தட்டுகிறவர்களும் உண்டு. வலி வந்தால் கவனம் வலிக்குத்தான் போகும்.

இப்போது உங்கள் 5. 'வேலை அழுத்தம்' என்று எடுத்தால் அங்கேதான் நிற்கும், ஏனென்றால் அது ஒரு விஷயம் அல்ல, ஐம்பது விஷயம். ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். உதாரணமாக, இரவு பத்தரைக்கு மேலாளரிடமிருந்து "காலையில் வந்ததும் என்னைப் பார்" என்று ஒற்றை வரிச் செய்தி. அதை மனத்தில் கொண்டுவந்து, உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். மேல்வயிறு என்றால் மேல்வயிறு. 0 முதல் 10-க்குள் ஓர் எண் போடுங்கள், தாளில் எழுதுங்கள். கை ஓரத்தைத் தட்டியபடி மூன்று முறை: "அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் மேல்வயிறு இறுகினாலும், என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்." பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு சொற்றொடர் மட்டும்: "இந்த வயிற்று இறுக்கம்", "காலையில் வந்ததும் என்னைப் பார்", "என்ன தப்பு செய்தேனோ". ஒரு சுற்று முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, அதே காட்சிக்கு மறுபடி எண். அடுத்த சுற்றில் "இன்னும் மிச்சமிருக்கும் இறுக்கம்" என்று மாற்றுங்கள்.

எண் நகராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், விஷயம் நடுவில் மாறிவிட்டதுதான். பயம் 8-லிருந்து 3-க்கு வந்திருக்கும். அதன் அடியில் இருந்து "இந்த நேரத்தில் எழுத இவருக்கு என்ன உரிமை" என்ற கோபம் 6-ல் தலைதூக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டு "5, அசையவில்லை" என்பீர்கள். பயம், கோபம், மற்றவர் முன் அவமானம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி எண், தனி வாக்கியம். 2-க்கு வந்ததும் அந்தச் செய்தியை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். எண் ஏறினால் எந்தச் சொல்லில் ஏறியதோ அடுத்த சுற்று அதற்கு.

மழைக்காகிதம்:
அந்த ஏற்றுக்கொள்ளும் வாக்கியத்தப் பத்தி மட்டும் சொல்றேன். பொய்யா தோணுச்சுன்னா மாத்திக்கோங்க, தூக்கிப் போடாதீங்க. அதோட வேலை உங்களப் பாராட்டுறது இல்ல. "இது இருக்கு, இதோட சண்டை போடல"ன்னு ஒத்துக்கிறதுதான். "இப்ப இப்படித்தான் இருக்கு, பரவாயில்ல", "இத உணர எனக்குக் காரணம் இருக்கு", "என்னை ஏத்துக்க இன்னும் முடியல, ஆனா இத கொஞ்சம் தளர்த்திப் பார்க்கத் தயார்". இதுல எது வாய்க்குள்ள உறுத்தாம வருதோ அது.

இன்னொன்னு: முதல் சுற்றுலயே "நான் அமைதியானவன், வெற்றி பெறுபவன்"னு ஆரம்பிக்கிற வீடியோவ மூடிருங்க. 8-ல இருக்கிற ஆள் அதச் சொன்னா உள்ளுக்குள்ள ஒரு குரல் "எங்க?"ன்னு கேக்கும், எண்ணும் ஏறும். நல்ல வாக்கியம் வேணும்னா 3-க்குக் கீழ வந்தப்புறம்.

சல்லடை:
முறையைப் பற்றி மேலே சொன்னது சரி. விளக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'மெரிடியன் (சீன மருத்துவம் சொல்லும் ஆற்றல் பாதை) ஆற்றல் அடைப்பு நீங்குகிறது' என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. 2003-ல் வெயிட், ஹோல்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வழக்கமான இடங்களிலும், ஒரு குழு சம்பந்தமில்லாத இடங்களிலும், ஒரு குழு பொம்மையின் மேலும் தட்டியது. மூன்று குழுவிலும் பயம் குறைந்தது. எதையும் தட்டாத குழுவில் குறையவில்லை. அதாவது இடத்தின் மகிமை அல்ல. தொந்தரவான நினைவைத் தொடர்ந்து பார்ப்பது, அதற்குப் பெயர் வைப்பது, அந்த நேரத்தில் கைக்கும் கவனத்துக்கும் சலிப்பான ஒரு வேலை கொடுப்பது: இவைதான் வேலை செய்கின்றன என்பது என் தரப்பு.

மறுபக்கமும் உண்டு. 2012-ல் 83 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு மணி நேர அமர்வுக்குப் பின் டேப்பிங் குழுவில் எச்சிலில் உள்ள கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுமார் 24% குறைந்தது. ஆறுதலாகப் பேசிய குழுவிலும் ஓய்வெடுத்த குழுவிலும் சுமார் 14%. அதன் முதன்மை ஆய்வாளரே டேப்பிங் பயிற்சித் துறையில் இருப்பவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறுக்கான வழிகாட்டுதலில் இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை, மேலும் ஆராயலாம் என்ற பட்டியலில் வைத்தது. என் கணக்கில் அது நியாயமான இடம். நடைமுறையில் இதற்கு அர்த்தம்: புள்ளி அரை அங்குலம் தள்ளிப்போனால் கவலைப்படாதீர்கள், 'ரகசியப் புள்ளி' வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள், நினைவைத் துல்லியமாகப் பிடிப்பதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

புங்கமரம்:
பயம், கோபம் இரண்டையும் பிரித்து எழுதியதும் புரிகிறது, நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. கூட்டத்தின் நடுவே முகத்தைத் தட்ட முடியாதே, என்ன செய்வது? சில நேரம் முதல் சுற்றிலேயே எண் ஏறிவிடுகிறதே, நிறுத்த வேண்டுமா?

கார்த்திகைமீன்:
கூட்டத்தில் மேசைக்குக் கீழே ஒரு கையின் ஓரத்தை மற்றக் கையால் அழுத்திப் பிடித்து, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்துவதும் அப்படியே. சொற்றொடர் மனத்துக்குள் போதும். இது அந்த நேரத்தைக் கடத்தத்தான். முழுச் சுற்றை அன்றைக்கே பிறகு தனியாகச் செய்யுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் கூட்டத்துக்கு முன்பே செய்வது இன்னும் நல்லது.

எண் 6-லிருந்து 8-க்கு ஏறுவது சாதாரணம். அதுவரை ஒதுக்கி வைத்ததை நேராகப் பார்க்கிறீர்கள். இரண்டு மூன்று சுற்றில் இறங்கத் தொடங்கும். ஆனால் 9, 10-க்குப் போய் நிற்கிறது, உடம்பு நடுங்குகிறது, கை கால் மரத்துப்போகிறது, சுற்றியிருப்பது நிஜமில்லாததுபோல் தோன்றுகிறது என்றால் வாக்கியத்தை அந்தக் கணமே விடுங்கள். கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். தட்டுவது இதமாக இருந்தால் சொல் இல்லாமல் தொடரலாம், இல்லையென்றால் வேண்டாம். அந்த நினைவை அன்று மறுபடி தொடாதீர்கள்.

ஆற்றங்கரை:
மனநலத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன். வன்முறை, பாலியல் அத்துமீறல், விபத்து, திடீர் மரணம் போன்றவற்றை வீட்டில் தனியாக உட்கார்ந்து டேப்பிங்குக்கு எடுக்காதீர்கள். பேரதிர்ச்சியில் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும். சுயமாகச் செய்வதற்கு அன்றாட, நேற்று இன்றையச் சம்பவங்களே தோது.

பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல். படபடப்பு வரும்போதெல்லாம் தட்டினால், "தட்டியதால்தான் தப்பித்தேன்" என்று மனம் கற்றுக்கொள்ளும். பிறகு தட்ட முடியாத இடங்களுக்கே போக அஞ்சுவார்கள். அவர்கள் தாக்குதலின் நடுவில் செய்யாமல், அமைதியான நேரத்தில் "அடுத்தது எப்போது வருமோ" என்ற பயத்துக்குச் செய்வது நல்லது.

முதல் முறையாக வரும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறலைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்து தட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. சாப்பிட்டுவரும் மாத்திரையை 'டேப்பிங்கில் சரியாகிவிட்டது' என்று நிறுத்தவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது விஷயத்தில் நாள் கடத்தாமல் அன்றைக்கே.

புங்கமரம், உங்களுக்கு இன்னொரு கேள்வி: அந்த மேலாளர் வாரத்தில் எத்தனை நாள் இரவில் எழுதுகிறார்? தினமும் என்றால் எண்ணை இறக்குவதோடு, எத்தனை மணிக்குப் பிறகு பதில் சொல்ல மாட்டீர்கள் என்பதையும் அவரிடம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை நினைத்தால் வரும் பதற்றத்துக்குத் தாராளமாகத் தட்டலாம்.