சிகரெட் வடிகட்டியின் விளிம்பு மட்டும் வெள்ளையாக இருப்பது ஏன்?

கேள்வி (வேதியியல் மாணவி): செய்முறைத் திட்டத்துக்காக, புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகள் சிலவற்றைக் கையுறை அணிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே பிராண்டுதான். ஆனால் வாயில் வைக்கும் முனையில், சிலவற்றில் நடுப்பகுதி மட்டும் பழுப்பேறி விளிம்பு வளையம்போல் வெள்ளையாகவே இருந்தது; மற்றவற்றில் முனை முழுவதும் ஒரே பழுப்பு. விளிம்பில் வடிகட்டி வேலை செய்யவில்லையா? கரி சேர்த்த வடிகட்டி நச்சு வாயுக்களையும் பிடித்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில் 1: வடிகட்டியைச் சுற்றியிருக்கும் தாளைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள் அம்மா. ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் வழியே நுழையும் வெளிக்காற்று விளிம்போரமாகவே செல்வதால் புகை நடுவில் ஒதுங்குகிறது. அதுதான் வெள்ளை வளையம். விரலோ உதடோ துளைகளை மூடினால் வளையம் மறைந்துவிடும். ஆகவே அங்கே நடப்பது பெரும்பாலும் வடிகட்டுதல் அன்று, காற்றைக் கலந்து நீர்த்துப்போகச் செய்தல். நிமிடத்துக்கு ஒருமுறை 35 மி.லி. இழுக்கும் ஐஎஸ்ஓ (பன்னாட்டுத் தர அமைப்பு) முறைச் சோதனை இயந்திரம் துளைகளை மூடுவதில்லை. அதனால் அதில் தார் (புகையில் உள்ள பிசுபிசுப்பான துகள்கள்) அளவு குறைவாகப் பதிவாகிறது. கனடாவின் தீவிரச் சோதனை முறையிலோ துளைகளை முழுவதும் மூடி, 30 விநாடிக்கு ஒருமுறை 55 மி.லி. இழுக்கிறார்கள், அதே சிகரெட் அங்கே அதிகத் தார் காட்டுகிறது.

பதில் 2: பஞ்சு என்று நாம் சொல்வது பருத்தியன்று, செல்லுலோஸ் அசிடேட் இழைகளை டிரையசிட்டின் என்னும் திரவம் தெளித்து இறுக்கிய கட்டு. புகைத்துளி ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது, இழைகளின் இடைவெளியோ அதைவிடப் பெரியது என்பதால், இது தேநீர் வடிகட்டியைப் போலச் சலிப்பதில்லை. பெரிய துளிகள் இழையில் மோதி ஒட்டுகின்றன, மிகச் சிறியவை அலைந்து திரிந்து ஒட்டுகின்றன, நடுத்தர அளவிலானவையே அதிகம் தப்புகின்றன. இழைகளை நெருக்கினால் கூடுதலாகப் பிடிக்கலாம். ஆனால் இழுக்கக் கடினமாகிவிடும். புகையிலுள்ள பீனால் என்னும் நச்சுப்பொருள் மட்டும் டிரையசிட்டினில் கரைவதால் நன்றாகக் குறைகிறது. செயலூட்டிய கரி பென்சீன், அக்ரோலின் போன்ற ஆவிகளைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும்; இழுக்க இழுக்க அதன் இடம் நிரம்பிவிடும். கார்பன் மோனாக்சைடோ இழையிலும் கரியிலும் தங்குவதில்லை.

பதில் 3: நன்றாகப் பிடிப்பதை மட்டும் பார்த்தால் என்னவாகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 1952 முதல் 1956 வரை விற்ற கென்ட் சிகரெட்டின் ‘மைக்ரோனைட்’ வடிகட்டியில் நீலக் கல்நார் (புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வகை) இருந்தது. மெல்லிய இழை என்பதால் அது துளிகளைப் பிடித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கல்நார் இழைகளே புகையோடு வாய்க்குள் போயின.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. தாளைப் பிரித்துப் பார்த்தேன், துளைகள் முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, உதடு படக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. இனி துண்டுகளை வளையம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்த பிறகே எடை போடுவேன்.