மாலை ஆறு மணிக்கு ஒரு காயம் வேண்டும்

நான்:
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஒக்டோபர் 31ஆம் திகதி ஹாலோவீன் இரவில், கன்னம் கிழிந்த கடற்கொள்ளையனாகத்தான் வீடு வீடாகப் போவேன் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இரத்தம் தெரியும் வேடங்களைப் பாடசாலைக்குப் போட்டு வரக்கூடாது என்று கடிதம் வந்திருப்பதால், மாலைக்கு மட்டும் ஒப்பனைக் காயம் இருந்தால் போதும். நேற்று நானே ஒருமுறை முயன்றேன்; படத்தை மேலே போட்டிருக்கிறேன். தக்காளிச் சோஸில் முகம் கழுவியவன் போல இருக்கிறான். நம் குடும்பக் குழுவில் பெரியப்பா போட்ட சட்டப்படி முழு வாக்கியங்களில், நல்ல தமிழில் யோசனை சொல்லுங்கள்.

சின்ன மாமி:
படத்தைப் பார்த்தேன், பிள்ளை. நீ இரத்தத்தைத்தான் பூசியிருக்கிறாய். அதற்குக் கீழே காயமே இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்த ஆண்டுகளில் நான் முதலில் பார்க்கப் பழகியது இரத்தத்தை அல்ல, விளிம்பை. கண்ணாடியோ கத்தியோ கிழித்தால் விளிம்பு நேராக இருக்கும்; மொட்டையான பொருள் மோதித் தோல் வெடித்தால் விளிம்பு ஒழுங்கற்று, சுற்றிலும் கன்றிப்போயிருக்கும்; வீதியில் விழுந்து தேய்ந்தால் ஆழமே இராது, ஒரே திசையில் ஓடும் கீறல்களும் புள்ளிகளும்தான் தெரியும். அது எதனால் வந்த காயம் என்று முதலில் மகனைக் கேள்.

நான்:
வாள் வெட்டாம், மாமி. எதிரிக் கப்பலின் தலைவன் வெட்டினானாம்.

தம்பி:
அக்கா, நான் இறப்பர் பாலான திரவ லேட்டெக்ஸ் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். டிஷ்யூத் தாளை மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, லேட்டெக்ஸைத் தொட்டு இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, நடுவில் கிழித்தால் உரிந்த தோல் போலவே நிற்கும்.

சின்ன மாமி:
நிற்கும், ஆனால் சிலருக்கு லேட்டெக்ஸ் ஒவ்வாது. அதில் கலந்திருக்கும் அமோனியாவின் நெடி கண்ணுக்கருகே எரிச்சல் தரும். காய்ந்தபின் பிடுங்கினால் பூனைமயிரும் சேர்ந்து வரும். எந்தப் பூச்சானாலும் இரண்டு நாட்களுக்கு முன்பே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் ஹாலோவீன் ஒப்பனைக்கு இதே போன்ற அறிவுரையைத்தான் சொல்கிறது.

தம்பி:
அப்படியானால் ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் இளஞ்சூட்டில் உருக்கிச் செய்யலாமே? அது தோலோடு சேர்ந்து அசையும்.

பெரியம்மா:
ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் பன்றித் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது அல்லவா? கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். கடற்பாசி போட்டுச் செய்ய முடியாதா?

சின்ன மாமி:
முடியாது, மச்சாள். கடற்பாசி இறுகினால் இழுபடாது. பிள்ளை ஒருமுறை சிரித்தால் துண்டு துண்டாக உடைந்து விழும். வாசலினில் கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தால், கடையில் விற்கும் தழும்பு மெழுகுக்கு ஈடாக இருக்கும். அதைக் கன்னத்தில் நீளவாக்கில் வைத்து, ஓரங்களை மட்டும் தோலோடு தேய்த்து மறையச் செய்ய வேண்டும். மெழுகு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் வேலை கெட்டது. பிறகு வெண்ணெய்க் கத்தியின் முதுகால் நடுவில் கீறி, பள்ளத்தின் அடியில் கருஞ்சிவப்பும், காயத்தின் இரு விளிம்புகளிலும் தெளிந்த சிவப்பும், வெளியே மங்கலான இளஞ்சிவப்பும் பூசு. மேலே சிறிது பவுடர் தட்டினால் மினுக்கம் அடங்கும்.

நான்:
சுற்றிலும் கொஞ்சம் மஞ்சளும் பச்சையும் பூசட்டுமா? இணையத்தில் எல்லோரும் பூசுகிறார்கள்.

சின்ன மாமி:
பூசாதே. கன்றிய இடம் முதலில் சிவந்து, ஓரிரு நாளில் நீலமும் ஊதாவும் ஆகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில்தான் பச்சையும் மஞ்சளுமாக மாறும். தோலுக்கடியில் தேங்கிய இரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவேர்டின், பிலிரூபின் என்ற நிறமிகள் ஆவதால் வருகிற நிறங்கள் அவை. இன்று மாலை வெட்டுப்பட்டவன் கன்னத்தில் போன வாரத்து மஞ்சள் எப்படி வரும்?

பெரியப்பா:
ஊரில் நாங்கள் கூத்துக்கு அரிதாரம் பூசிய காலத்தில் இவ்வளவு ஆராய்ச்சி இல்லை. ஆரத்திக்குச் செய்வதுபோல் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துவிட்டால், வெட்டுண்ட சூரனின் மார்பு முழுவதும் சிவந்துவிடும்.

சின்ன மாமி:
அண்ணா, சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். குழந்தையின் முகத்துக்கு அது ஆகவே ஆகாது. நிறம் மட்டும் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி:
பொய் இரத்தத்துக்குச் சோளப் பாகான கோர்ன் சிரப்தான் அடிப்படை. 2014இல் காலமான டிக் ஸ்மித் என்ற அமெரிக்க ஒப்பனைக் கலைஞரின் புகழ்பெற்ற கலவையும் அதில்தான் தொடங்குகிறது. ஆனால் புகைப்படச் சுருள் கழுவும் திரவம் ஒன்றையும் அவர் சேர்த்தார் என்பதால், அதை வாய்க்குள் விடக்கூடாது. நாம் சிரப்பில் சிவப்பு உணவுச் சாயத்தையும், ஒரு சிட்டிகை கோக்கோவையும் மட்டும் கலப்போம். கோக்கோ இல்லாவிட்டால் வெளிச்சத்தில் சர்பத் போலத் தெரியும்.

சின்ன மாமி:
சரியான கலவை. சாயம் கறைபடுத்தும் என்பதால், சிரப் வழியப்போகும் தோலில் முன்பே மெல்லிதாக வாசலின் தடவிவிடு. கலவை இரண்டு துளி போதும். பள்ளத்தின் கீழ்முனையில் விட்டால் அதுவே வழி பார்த்து இறங்கும். இது விளையாட்டு வேலை மட்டும் அல்ல. பேரிடர்ப் பயிற்சியில் எங்களிடம் வந்த பொய் நோயாளிகளுக்கும் இப்படித்தான் காயம் செய்திருந்தார்கள். அதற்கு மூலாஜ் என்று பெயர். அதே பெயரில், பாரிஸில் சென் லூயி மருத்துவமனையின் அருங்காட்சியகத்தில், தோல் நோய்களைக் கற்பிப்பதற்காக மெழுகில் வார்த்த உருக்கள் 4,800க்கும் மேல் இருக்கின்றன.

பெரியம்மா:
கனடாவின் இந்த ஸ்காபரோக் குளிரில் பிள்ளை குளிரங்கி போடாமல் போகப் போகிறானா? தலைமூடி உரசினால் உங்கள் காயம் முழுவதும் துணியில் அல்லவா இருக்கும்?

நான்:
தலைமூடி இல்லாத அங்கியைத் தேடி எடுத்துவிட்டேன், பெரியம்மா. காதுக்குக் கம்பளித் தொப்பி போடுகிறேன். மாமி, இரவு எப்படிக் கழற்றுவது?

சின்ன மாமி:
பெரிய மெழுகுக் கட்டியை விரலால் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடு. ஒப்பனையோடு படுக்க விடாதே.

நான்:
ஞாயிறு ஒத்திகைப் படத்தை இப்போது போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்தவுடன் அவசர ஊர்தியை அழைக்கட்டுமா என்று கேட்டுவிட்டார். மகனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியப்பா:
நன்றாக இருக்கிறது. எதிரே நிற்கும் வலக்கைக்காரன் வீசினால் இடது கன்னத்தில்தான் விழும். அதையும் சரியாகச் செய்திருக்கிறாய்.

சின்ன மாமி:
ஒன்றே ஒன்று. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழமாகக் கீறியிருக்கிறாய். வெட்டு விழுந்த இடத்தில் ஆழமும், கத்தி விலகிய இடத்தில் வெறும் கீறலும் இருக்க வேண்டும். காதுப் பக்கத்தை ஆழமாக்கி, தாடையை நோக்கி மெல்லிதாக இழுத்து முடி.

நான்:
வாளை வீசியவன் மேலிருந்து கீழாக வீசினானா என்று மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன், மாமி.