டம்ளர் எதைப் பார்க்கிறது?

போட்டோகிராபி படிக்கிறேன். வீடு காசிமேட்டில், மாடியில் ஒரே ரூம், சமையல் படுக்கை எல்லாம் அதிலேயே. துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தில் இடிபட்டு மிதிபட்டு ஓடி ஓடி எடுத்துப் பழகியவன் நான். அதனால் வகுப்பில் ஸ்டில் லைஃப் என்றதும், அசையாத பொருள்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் தினமும் புழங்கும் பொருள் ஒன்றை எடுத்து வரச் சொன்னார்கள். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளரை ஸ்டூல் மேல் வைத்து எடுத்தேன். படத்தில் டம்ளரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. ஜன்னல், கொடியில் தொங்கும் துணி, தேதி காலண்டர், நடுவில் கைலியோடு ஒல்லியாக நீண்டுபோன நான். ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தேன், பொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, மிச்சமெல்லாம் இருட்டு. லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பு அடங்கிவிடும் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு, இரவல் வாங்கி மாட்டித் திருகு திருகு என்று திருகியும் ஒன்றும் மாறவில்லை. தண்ணீர், கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம் இதற்கெல்லாம்தான் அது உதவும், வெறும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திடம் அதன் பாச்சா பலிக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"டம்ளருக்கு லைட் போடாதே, அது எதைப் பார்க்கிறதோ அதுக்குப் போடு" என்றார் சார். எங்கள் வீட்டில் அது எல்லாவற்றையும் பார்க்கிறதே, அதுதானே பிரச்சினை!

அமெரிக்கப் போட்டோகிராபர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தை வகுப்பில் காட்டியிருந்தார்கள். புனலின் உள்பக்கமே சுற்றிலும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. சரி, நமக்குப் புனல் அப்பாவின் வெள்ளை வேட்டி. அதை ஜன்னலுக்கும் டம்ளருக்கும் நடுவே கொடியில் விரித்துக் கட்டி, எதிர்ப்பக்கம் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை (மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை) நிறுத்தி, இடுக்கு வழியாக லென்ஸை நீட்டினேன். கைலி காணாமல் போனது. டம்ளரின் ஓரமும் சேர்ந்து காணாமல் போனது, வெள்ளைக்குள் வெள்ளை. கறுப்பு சார்ட்டை இரண்டு பட்டையாக வெட்டி இரு பக்கமும் நிறுத்திய பிறகுதான் விளிம்பில் கோடு விழுந்து உருண்டை வடிவம் வந்தது. அந்த இரண்டு பட்டைக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது போனது. இன்று அரை அங்குலம் தள்ளினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்.

லென்ஸ் துளையைச் சின்னதாக்கி, ஒரு விநாடிக்கு மேல் வெளிச்சம் விழவிட்டு எடுக்க வேண்டியிருந்தது. அசையாமல் இருக்க டிரைபாட், கை படாமல் இருக்க டைமர். அப்படியும் படம் ஷேக். கீழே ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் எங்கள் தரை லேசாக அதிரும், இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது! அசையாத பொருளாம். லாரிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து காத்திருந்து எடுத்தேன்.

கடைசியில் வந்த படத்தை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பேரக் காணோம்?" என்றார்.

டம்ளரின் கழுத்துக்குக் கீழே தாத்தா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நான் கட்டிய வெள்ளைக் கூடாரம் கைலியோடு அதையும் அழித்துவிட்டிருந்தது, எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் என்றால் பள்ளம் ஏது, மேடு ஏது. மறுநாள் தெர்மாகோலை எடுத்துவிட்டு, வேட்டியை ஒரு ஓரம் மடித்து, பக்கவாட்டில் சாய்வாக வெயில் வரவிட்டேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, கூடவே கொடியில் தொங்கிய துணியின் நுனியும் கொஞ்சம். அந்தப் படத்தைத்தான் வகுப்பில் கொடுத்தேன். துணி நுனிக்கு மார்க் குறைத்தார்கள்.