ரூட்லெஸ் பாட்மேன் கன்டெய்னரில் ஜூம்: மைக்கும் இல்லை, கேமராவும் இல்லை

கேள்வி:
டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், ஒலிக்குப் பல்ஸ்ஆடியோ. என் ஹோம் கோப்புறை ஜூமுக்குத் தெரியக்கூடாது என்பதால் ரூட்லெஸ் பாட்மேனில் (ரூட் உரிமை இல்லாமல் கன்டெய்னர் ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். எக்ஸ் சாக்கெட்டை (விண்டோ காட்டும் எக்ஸ் சர்வரோடு ஆப் பேசும் வழி) மவுன்ட் செய்ததும் விண்டோ வந்துவிட்டது. மைக், ஸ்பீக்கர் பட்டியல் காலி. கேமராவுக்கு 'பெர்மிஷன் டினைட்'. நாலைந்து பேர் வீடியோ போட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. பிரிவிலேஜ்டு மோடில் ஓட்டினால் சரியாகுமா?

பதில் 1:
பிரிவிலேஜ்டு வேண்டாம். ஹோஸ்டின் எல்லா டிவைஸையும் திறந்துவிட்டால் கன்டெய்னர் எதற்கு?

முதலில் கேமரா. ரூட்லெஸ்ஸில் கன்டெய்னருக்குள் 1000 ஆக இருக்கும் யூசர், வெளியே சப்யூஐடி (உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய கூடுதல் யூசர் எண்கள்) வரிசையில் ஒரு பெரிய எண். லாகின்களைக் கவனிக்கும் லாகின்ட் சேவை கேமராவுக்கு ஏசிஎல் (அனுமதி) கொடுப்பது உங்கள் நிஜ எண்ணுக்கு. யூசர்என்எஸ் ஆப்ஷனில் கீப்-ஐடி போட்டால் இரண்டும் ஒன்றாகும். பிறகு வீடியோ0 டிவைஸை மட்டும் கொடுங்கள். வீடியோ1 பெரும்பாலும் மெட்டாடேட்டாதான், படம் வராது.

ஒலிக்கு, ரன் கோப்புறையில் உங்கள் யூஐடிக்குக் கீழே இருக்கும் பல்ஸ் நேட்டிவ் சாக்கெட்டை மவுன்ட் செய்து, பல்ஸ்_சர்வர் மாறியில் அதே பாதையைக் கொடுங்கள். கீப்-ஐடி இருப்பதால் குக்கி தேவையில்லை. கன்டெய்னருக்குள் இருக்கும் பல்ஸ் கிளையன்ட் கான்ஃபிகில் எனேபிள்-எஸ்ஹெச்எம் (ஷேர்டு மெமரி) என்பதை 'நோ' ஆக்குங்கள். ஷேர்டு மெமரி இரு பக்கமும் வேறுவேறு என்பதால், விட்டுவைத்தால் ஒலி வராமலே போகலாம்.

ஆப் மூடிக்கொள்வதற்கு முதல் சந்தேகம் ஷேர்டு மெமரி மேல்தான். பாட்மேன் தருவது 64 எம்பி. எஸ்ஹெச்எம்-சைஸ் 1 ஜிபி வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
இவ்வளவு செய்தும் பெரிய ஓட்டை ஒன்று பாக்கி: அந்த எக்ஸ் சாக்கெட். அதைப் பிடித்த எந்த ஆப்பும் மற்ற விண்டோக்களைப் படம் எடுக்கலாம், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டையும் படிக்கலாம். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் (எல்லாரையும் எக்ஸுக்குள் விடும் கட்டளை) போட்டிருந்தால் உடனே மைனஸ் போடுங்கள். ஜெஃபிர் (ஒரு விண்டோவுக்குள் ஓடும் இன்னொரு எக்ஸ் சர்வர்) ஒன்றைத் தனி டிஸ்ப்ளேவாக ஓட்டி, அதை மட்டும் டிசிபியோ பொது கோப்புறையோ இல்லாமல், அந்த ஒரே சாக்கெட் ஃபைலாகக் கொடுங்கள். ஸ்கிரீன் ஷேரில் ஜெஃபிருக்குள் இருப்பது மட்டுமே போகும். வகுப்பு எடுப்பவர்களுக்கு அது இடைஞ்சல், கூட்டத்தில் உட்காருபவர்களுக்கு நல்லதே.

கேள்வி கேட்டவர்:
ஒலி வந்துவிட்டது, ஆப்பும் மூடவில்லை. கேமரா இப்போது 'டிவைஸ் பிஸி' என்கிறது.

பதில் 1:
ஹோஸ்டில் ஏதாவது பிரவுசர் டேப் பிடித்து வைத்திருக்கும். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் கேமராவிலிருந்து படம் எடுக்க முடியும். ஹோஸ்டில் ஃப்யூசர் கட்டளையை வீடியோ0 மேல் ஓட்டினால் பிராசஸ் எண் கிடைக்கும்.