புது ஏர் ரைஃபிள்: வெறும் கீறலா, விரிசலா?

வணக்கம். மகளின் 10 மீட்டர் போட்டிப் பயிற்சிக்காகப் புது ஏர் ரைஃபிள் வாங்கியிருக்கிறோம். மரக்கட்டை வைத்த மாடல். சில குறைகள் கண்ணில் பட்டன, அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

சிலிண்டரின் மேல்பூச்சில் ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை, விட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். 200 பார் அழுத்தக் காற்றைத் தாங்கும் பாகம், பள்ளமோ நசுங்கலோ இருந்திருந்தால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்பியிருப்பேன்.

குழல் முனையில் மினுக்கும் ஒரு புள்ளி. பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்தால் அதே இடத்தில் இழை சிக்குகிறது. பெல்லட் (சுடும் சிறு ஈயக் குண்டு) கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. இலக்கு அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியே அரை மில்லிமீட்டர் அளவுதான் என்னும்போது, இதைச் சின்ன விஷயம் என்று எப்படி விடுவது?

தூக்கத்தைக் கெடுப்பது அடுத்ததுதான். கைப்பிடிக்குப் பக்கத்தில், திருகு இறங்கும் துளையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு கிளம்புகிறது. மர ரேகையோடு போகாமல் குறுக்கே வெட்டிப் போகிறது. "வார்னிஷ்தான் சார், அழகுக் குறை" என்கிறார் கடைக்காரர். விற்றவர் வேறென்ன சொல்வார்!

கட்டையைக் கழற்றி உட்பக்கமும் கோடு இருக்கிறதா என்று பார்க்கலாமா, அல்லது திருகைத் தொட்டாலே வாரண்டி போய்விடுமா? முனையைப் பற்றிப் புகார் செய்யும் முன், தாங்கியில் வைத்துச் சில பெல்லட் சுட்டு, துளைகள் ஒன்றாக விழுகின்றனவா என்று பார்ப்பது சரியா? மாற்றித் தரக் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.