மகனுக்கு அம்பத்தூர் டேட்டா சென்டர் வேலை: ஏஐ அலை ஓய்ந்தாலும் நிலைக்குமா?

கேள்வி: குடியாத்தம் மோட்டார் கடை

வணக்கம். குடியாத்தத்தில் 22 வருடங்களாக மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்துவிட்டான். இரண்டு வேலைகள் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு. இரண்டு பஸ் மாறினாலும் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று, அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர்; பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை ஒரே கட்டடத்தில் வைத்து இரவு பகலாக ஓட்டும் இடமாம். ஒப்பந்த நிறுவனம் வழியாக, ஷிப்ட் முறையில். சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அம்பத்தூருக்குத்தான் போவேன் என்கிறான். ஏஐ வந்ததிலிருந்து சென்னையில் இந்தக் கட்டடங்களைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆறு கரைபுரண்டதைப் பார்த்தவன் நான்; அதற்கு முன்னும் பின்னும் அதே ஆறு மணலாகக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்த வெள்ளம் எத்தனை நாளைக்கு? அதோடு, கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் எலக்ட்ரிக்கல் படித்தவனுக்கு என்ன மதிப்பு இருக்கும்? உள்ளே வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதில்: ஆற்காடு சில்லர்

அண்ணா, நான் ஆற்காடு. ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவு படித்துவிட்டு 2014-ல் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு ரேக், அதாவது சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரி, நான்கைந்து கிலோவாட் இழுக்கும். வங்கியின் சர்வர், யாரோ ஒருவரின் இணையதளம், இப்படித்தான் இருக்கும். தரைக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்றை முன்பக்கம் விட்டு, பின்பக்கம் வரும் சூட்டை இழுத்துக்கொண்டால் போதும். இப்போது என்விடியா நிறுவனத்தின் 72 ஜிபியு (ஏஐக் கணக்குகளைப் போடும் சிப்) அடங்கிய ஒரு ரேக் மட்டும் 120 கிலோவாட் அளவுக்கு இழுக்கிறது. உங்கள் கணக்கில் சொன்னால், ஐந்து குதிரைத்திறன் மோட்டார் 32-ஐ ஒரு பீரோவுக்குள் அடுக்கி, இரவு பகலாக முழுச் சுமையில் ஓட்டுவது. மோட்டாராவது தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுக்கிறது. இங்கே உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைக் காற்றால் சுமக்க முடியாது. அதனால் சிப்பின் தலைமேலேயே செப்புத் தகட்டை வைத்து, அதற்குள் திரவத்தை ஓடவிடுகிறார்கள்.

கடந்த ஆண்டு ஒரு தளத்தை இந்த முறைக்கு மாற்றினோம். குழாய் போட்டு முடித்ததும் ரேக்கில் மாட்டிவிட முடியாது. அந்தத் தகட்டுக்குள் இருக்கும் வாய்க்கால்கள் தலைமுடி அளவுதான். வெல்டிங் துகள் ஒன்று போனாலும் அடைத்துக்கொள்ளும். ஆறு நாட்கள் வெறும் குழாயில் நீரைச் சுற்றவிட்டு, வடிகட்டியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். முதல் நாள் பழுப்புச் சேறு. நான்காம் நாள் உள்ளங்கையில் தட்டினால் எள்ளளவு கறுப்புப் பொடி. ஆறாம் நாள் வெள்ளைத் துணியால் துடைத்தும் கறை ஒட்டவில்லை. அதன் பிறகுதான் ரேக் உள்ளே வந்தது, ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடையோடு. அதைத் தாங்குமா என்று தரையையே முன்கூட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது.

மின்சாரப் பக்கம் இன்னும் கடினம். ஏஐ பயிற்சி, அதாவது ஏஐக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை, ஓடும்போது ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் ஒன்றாக வேலை செய்து, ஒன்றாக நின்று, மறுபடி ஒன்றாகத் தொடங்கும். சுமை நொடியில் ஏறி நொடியில் இறங்குகிறது. அதை யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் தாங்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்குவதைக் கவனித்து வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். உங்கள் மகனுக்கு அங்கே மதிப்பு உண்டு, அண்ணா. நான் பார்த்தவரை சர்வர் பழுது பார்ப்பவரைவிட உயரழுத்த மின்சாரப் பேனல் தெரிந்தவரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி அலை பற்றி. சென்னையில் இந்தத் தொழில் ஏஐக்கு முன்பே வேர்விட்டது. இணையத் தகவலைச் சுமந்து சிங்கப்பூர்ப் பக்கம் போகும் கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுகின்றன. பணப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவுக்குள்தான் வைக்க வேண்டும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மாநில அரசு 2021-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. மும்பைக்கு அடுத்த இடம் சென்னைக்குக் கிடைத்தது இவற்றால்தான்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு மாறியது வாங்குகிறவரின் பேச்சு. முன்பு ‘பத்து ரேக் வேண்டும்’ என்பார்கள். இப்போது எத்தனை மெகாவாட், எந்த மாதம் தருவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இடம் பிறகுதான். ஏஐ பயிற்சிக்குக் கேபிள் கரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மின்சாரம் எங்கே நிறையக் கிடைக்கிறதோ அங்கே போகும். 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு, ஜிகாவாட் அளவில் மையம் என்று அறிவித்தபோது எங்கள் ஷிப்டில் வேறு பேச்சே இல்லை. சென்னைக்கு அது நேரடிப் போட்டி.

ஆகவே அலை ஓய்ந்தால் புதுக் கட்டடங்கள் நிற்கும், ஓடிக்கொண்டிருப்பவை ஓடும் என்பது என் கணிப்பு. ஏஐ இல்லாவிட்டாலும் வங்கியும் டிக்கெட் முன்பதிவும் இரவு இரண்டு மணிக்கு இயங்கியாக வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கட்டும்போது ஆயிரம் பேர் இருப்பார்கள். கட்டி முடித்த பிறகு ஒரு ஷிப்டுக்குச் சில பேர்தான். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சேருமுன் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: பிஎஃப் யார் பெயரில் கட்டப்படும், உயரழுத்தப் பேனலில் தொட்டு வேலை செய்ய எத்தனை மாதத்தில் விடுவார்கள், ஒப்பந்த நிறுவனம் மாறினால் ஆளை அப்படியே எடுத்துக்கொள்வார்களா. இரண்டாவதற்கு ‘ஒரு வருடம் ரீடிங் மட்டும் எழுது’ என்று பதில் வந்தால் ராணிப்பேட்டையே மேல்.

பதில்: பாலாற்றங்கரை ஆசிரியை

தம்பி ஆற்காடு விவரமாக எழுதியிருக்கிறார். எனக்கு வேறொரு கவலை. சென்னையில் இடமும் மின்சாரமும் நெருக்கடி ஆனால், நெடுஞ்சாலையும் சிப்காட்டும் இருக்கும் நம் பக்கம்தானே அடுத்துத் திரும்புவார்கள்? வேலை வருமென்று நாமும் மாலை போட்டு வரவேற்போம்.

நான் வாணியம்பாடி. தோல் தொழிற்சாலைகளும் வேலை கொடுத்துத்தான் வந்தன. அவற்றின் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே எழுதப்பட்டுவிட்டது. வேலூர் இன்று குடிப்பதற்கு மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெகாவாட் சூட்டை முழுவதும் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்றினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 36,000 லிட்டர் போகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்று. இருபது மெகாவாட் என்றால் அறுபது லாரி, தினமும். ஆவியானது திரும்பி வராது. என் கணக்கு சரியா, தம்பி?

பதில்: ஆற்காடு சில்லர்

கணக்கு சரிதான், டீச்சர். தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர் வைத்தால் அப்படித்தான். காற்றாலேயே குளிரும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் எந்திரம்) வைத்தால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. ஆனால் வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் அது கூடுதல் மின்சாரம் தின்னும். திரவக் குளிரூட்டலில் ஒரு நல்லது உண்டு: திரவம் சில்லென்று இருக்க வேண்டியதில்லை, 30 டிகிரிக்கு மேல் இருந்தாலும் சிப் தாங்கும். ஆண்டின் பல மாதங்கள் சில்லரையே நிறுத்திவிட்டு வெறும் விசிறியால் ஆற்றலாம். இதெல்லாம் கட்டுகிறவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. நம் பக்கம் வந்தால், எந்தக் குளிரூட்டும் முறை, நிலத்தடி நீரா, சுத்திகரித்த கழிவுநீரா என்று அனுமதி கொடுக்குமுன் எழுதி வாங்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் நானே வந்து பேசுகிறேன்.

பதில்: குடியாத்தம் மோட்டார் கடை

தம்பி, டீச்சர், இருவருக்கும் நன்றி. 32 மோட்டார் கணக்கை மகனிடம் படித்துக் காட்டினேன். கடையில் கிடந்த ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மூன்று கேள்விகளையும் நேற்று போனில் கேட்டான். பிஎஃப் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில். நிறுவனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நேரான பதில் இல்லை. பேனல் வேலை, கூடவே ஒரு மூத்தவரை வைத்து, மூன்றாம் மாதத்திலிருந்து என்றார்களாம். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறான். வந்தால் திங்கட்கிழமை காட்பாடியில் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன்.