குவைத்தில் மாட்டிக்கொண்ட தங்கச்சி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். சித்தி மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனாள். பாஸ்போர்ட் அந்த வீட்டம்மாவின் அலுமாரியில். சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. எப்போதாவது பாத்ரூமுக்குள் தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு போன் பேசுகிறாள். "எப்படியாவது கூப்பிட்டுக்கோங்க அக்கா" என்கிறாள்.

போகுமுன் ஏஜென்ட் எங்கள் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) வந்து முற்பணம் கொடுத்தார். கூரைக்குத் தகரம் போட்டது அந்தக் காசில்தான். இப்போது முற்பணமும் டிக்கெட் செலவும் கட்டினால்தான் அனுப்புவார்களாம். கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாதபடி அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளரைக் கட்டிவைத்த துண்டு முறையை 1921லேயே ஒழித்தாயிற்று என்று பெயர்!

குவைத்தின் 2015 வீட்டுப் பணியாளர் சட்டப்படி, அவள் சம்மதமில்லாமல் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்க முடியாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போனாள். அந்தப் பணியகத்தின் 1989 என்ற போன் நம்பருக்கு எடுத்து முறைப்பாடும் கொடுத்துவிட்டோம்.

பயம் இதுதான்: அவள் தூதரகத்துக்குப் போய்விட்டால், "ஓடிவிட்டாள்" என்று முதலாளி பொலிஸில் போட்டால் என்ன செய்வது? இதைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறீர்களா? முற்பணத்துக்குச் சித்தப்பா கையெழுத்து வைத்த தாள் செல்லுமா? ஹட்டன், கண்டி பக்கம் இப்படி வழக்குப் பார்த்த சட்டத்தரணி யாரும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். "கடவுள் பார்த்துக்குவார்" கமெண்ட் மட்டும் வேண்டாம்.